கெழட்டு ஆட்டு விலா

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தங்கச்சி. எனக்கு எதிர்க்காத்து ஒத்துக்காது. அந்தப் பையை மேல வைக்காதீங்க, மடியிலயே இருக்கட்டும். பின் சீட்டுல நீலச் சட்டை போட்டிருக்கான் பாருங்க, நீங்க ஏறுனதுலேர்ந்து அந்தப் பையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். நான் சந்தேகப்படுற ஆளு இல்ல. கண்ணுல படுது, சொல்றேன்.

வத்தலக்குண்டா? நானும் அங்கதான். கூடப் பொறந்த தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஒரு மணி நேரம் ஆகும். பையில என்ன, கறிக்கொழம்பா? தூக்குவாளி மூடிய நல்லா அமுக்கி விடுங்க. எப்பிடித் தெரியும்னு பாக்குறீங்களா? எங்க வீட்டுக்காரரு கறிக்கடை வச்சிருக்காரு. திண்டுக்கல்லு பேகம்பூர்ல சிக்கந்தர் கடைன்னு கேட்டா சொல்லுவாங்க. பத்து வருசமா அந்த வாசத்துலதான் இருக்கேன்.

நெஞ்செலும்பா எடுத்தீங்க? நெஞ்செலும்பு நல்லது. ஆனா அதை ஒட்டுன விலா எலும்பால எங்க வீட்டுல ஒரு பெரிய கூத்து நடந்துபோச்சு. யாருகிட்டயும் சொல்லல. உங்கள எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனால சொல்றேன்.

போன வருசம் மொகரம் முடிஞ்ச சமயம். வெள்ளிக்கிழமைன்னா ஜும்மாவுக்காகக் கடைய பன்னெண்டு மணிக்கு மூடிருவாரு. தொழுதுட்டு வந்து, சாப்பிட்டு, சாயங்காலம் வரைக்கும் படுப்பாரு. கடை வச்சதுலேர்ந்து அதுதான் பழக்கம். திடீர்னு ஒரு வெள்ளிக்கிழமை மனுசன் படுக்கல. வெல்டிங் பட்டறையிலேர்ந்து ஒரு ஆளு எண்ணெய் பீப்பாய நீளவாக்குல ரெண்டா அறுத்து, நாலு கால் வச்சு, மேல கம்பி வலை போட்டுக் கொண்டாந்து எறக்குறான். இவரு அதைத் தூக்கி மொட்டைமாடியில வைக்கிறாரு.

என்னங்க இதுன்னு கேட்டேன். "சும்மா, கறி சுட்டுப் பாக்கலாம்னு" அப்பிடின்னாரு.

சும்மாவாம். காலையிலேர்ந்து கறி வெட்டுற மனுசன், கறி வாசமே வேணாம்னு வீட்டுல ரசஞ்சோறு கேக்குற மனுசன், சும்மா கறி சுடுறாராம். நீங்க நம்புவீங்களா?

நான் அவரு செய்யிறதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். கடையிலேர்ந்து ஒரு பக்க விலாவ முழுசா, துண்டு போடாம எடுத்துட்டு வந்தாரு. எலும்புக்கு உள்பக்கம் ஒரு மெல்லிசு சவ்வு இருக்கும். கத்தி முனையால ஒரு ஓரத்துல நெம்பி, துணியால புடிச்சு, அப்பிடியே உரிச்சாரு. தங்கச்சி, கொழம்புக்கு எவனும் சவ்வு உரிக்க மாட்டான். பத்து வருசத்துல எந்த வாடிக்கைக்கும் அவரு அதைச் செஞ்சு நான் பாத்ததில்ல. ரொம்ப வேண்டப்பட்டவங்களுக்குச் செய்யிற வேல அது. யாருக்கு?

அன்னிக்குத்தான் மொதல்ல மனசுல ஒரு முள்ளு தைச்சுச்சு.

அப்புறம் பாத்தா மளிகைக்கடையில கருப்பட்டி வாங்கியிருக்காரு. சில்வர் பேப்பரு ஒரு சுருளு. பழப்புளி. கொய்யாக் கட்டை நாலு, காதர் தோட்டத்துல கேட்டு வாங்கியிருக்காரு. எல்லாம் நான் கடைக்காரங்ககிட்ட விசாரிச்சதுதான். விசாரிக்கிறது தப்பா? வீட்டுக்குள்ள ஒரு சாமான் வந்தா எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணுமில்ல.

கரிய ஒரு பக்கமா ஒதுக்கி, விலாவ இன்னொரு பக்கம் வச்சு, மேல இன்னொரு பாதி பீப்பாயக் கவுத்து மூடிட்டு, செல்போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதுல ஒரு வெள்ளைக்காரன் கறி சுட்டுக்கிட்டு இருப்பான். எங்க மக ரிஸ்வானா, பிளஸ் டூ படிக்கிறா, அவ பக்கத்துல உக்காந்து அவன் பேசுறதைத் தமிழ்ல சொல்லுவா. நான் துணி காயப்போடப் போனா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திருவாங்க. நான் எறங்குனதும் ஆரம்பிச்சிருவாங்க. படியில நின்னா கேக்கும்.

ரிஸ்வானாவத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அத்தா என்னடி பண்றாரு?

"கறி சுடுறாரு."

யாருக்கு?

"உங்ககிட்ட என்ன சொன்னாலும் நம்பவா போறீங்க? விடுங்கம்மா" அப்பிடின்னுட்டுப் போயிட்டா. பெத்த தாய்கிட்ட பேசுற பேச்சா அது?

மொதல்ல நான் நெனச்சது வேற. ஒரு பொம்பளதான்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில வேல பாக்குற ஒருத்தி கடைக்கு வருவா, எப்பவும் விலாதான் கேப்பா. அவ வீட்டுத் தெரு வழியா ரெண்டு நாளு சும்மா நடந்து போனேன். அவ வீட்டுல மாமியா, மூணு புள்ள, பீப்பாயும் இல்ல ஒண்ணும் இல்ல. சரி, அவ இல்லன்னு முடிவு பண்ணேன்.

மூணாவது வெள்ளிக்கிழமை சட்டையத் துவைக்க எடுத்தப்ப பையில அவரோட போட்டோ ஒண்ணு. பாஸ்போர்ட்டுக்கு எடுக்குற சின்னப் போட்டோ. பின்னாடி வெள்ளை. மீசையெல்லாம் ஒதுக்கி, மொறைச்சுக்கிட்டு இருக்காரு.

அந்தச் சட்டைய மடியில போட்டுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன் தங்கச்சி. பொம்பளயா இருந்திருந்தாக்கூட நான் அப்பிடி உக்காந்திருக்க மாட்டேன்.

ஏன்னு சொல்றேன். கல்யாணமாகி ஒரு வருசத்துல அவரு சவூதிக்குப் போனாரு. தம்மாம்ல வீட்டு டிரைவரு. ஏழு வருசம். ரிஸ்வானா பொறந்தப்ப இல்ல. எங்கத்தா மவுத்தானப்ப இல்ல, செல்போன்லதான் அழுதாரு. நடுவுல ஒரு தடவ லீவுல வந்தாரு, புள்ளைக்கு அப்ப நாலு வயசு. அவரு தூக்கப் போனாரு. அவ என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, "இந்த மாமாவப் போகச் சொல்லும்மா" ன்னா. அவரு நடு வீட்டுல உக்காந்து அழுதாரு. ஏழு வருசம் முடிஞ்சு ஒரேயடியா வந்து கறிக்கடை வச்சப்ப, எங்க அண்ணன் முன்னாடி சொன்னாரு, இனிமே பாஸ்போர்ட்டைத் தொட மாட்டேன்னு. நான் கேக்கல. அவராச் சொன்னாரு.

இப்பப் போட்டோ எடுத்திருக்காரு.

வியாபாரம் குறைஞ்சுபோச்சுங்கிறது எனக்கும் தெரியும். ஏசி போட்ட கறிக்கடை ரெண்டு வந்திருச்சு, கண்ணாடிக்குள்ள கறிய அடுக்கி வச்சிருக்கான், ஜனம் அங்க போகுது. ரிஸ்வானாவ நர்சிங் சேக்கணும். எல்லாம் சரி. அதுக்கு? என்கிட்டச் சொல்ல வேணாமா?

நீங்க நேராக் கேட்டிருக்கலாமேங்கிறீங்க. கேட்டா உண்மையச் சொல்லுவாங்களா தங்கச்சி? நானே கண்டுபிடிச்சேன். எங்க காசிம் அண்ணனை விட்டு விசாரிச்சேன். கீழக்கரைக்காரரு ஜமீல்னு ஒருத்தரு, வெளிநாட்டுல, தோஹாவுல சுட்ட கறிக்கடை வச்சிருக்காராம். விலா எலும்பைப் பதமாச் சுடத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். இவரு அவருகிட்ட பேசியிருக்காரு. அவரு ஊருக்கு வர்றப்ப நேர்ல வந்து சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு சொல்லுவாராம். இதுதான் சங்கதி.

அப்ப நான் ஒரு காரியம் செஞ்சேன். இதை இதுவரைக்கும் வாயத் தொறந்து வெளிய சொன்னதில்ல.

வெள்ளிக்கிழமை காலையில அவரு நல்ல கெடாக்குட்டி விலாவா ஒண்ணை எடுத்து, வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருவாரு. நான் அதைத் துணி சுத்தி வைக்கணும். காசிம் அண்ணனுக்கும் கறிக்கடைதான், ஆனா அது புரோட்டாக் கடைகளுக்குப் போடுற கடை. எட்டு பல்லும் விழுந்த ஆடு, ஈனி ஓஞ்ச ஆடு, எல்லாம் அங்கதான் வரும். அண்ணன்கிட்டச் சொல்லி ஒரு கெழட்டு ஆட்டு விலாவ வாங்கி, இதை அங்க குடுத்துட்டு, அதை இங்க வச்சிட்டேன்.

நல்லா வேகாம ரப்பரா இழுக்கட்டும். இழுத்தா இவரே அலுத்து விட்டுருவாரு, இல்ல அந்த ஜமீலு துப்பிட்டுப் போவான். அதுதான் என் கணக்கு.

மொத வாரம் நான் நெனச்ச மாதிரியேதான் ஆச்சு. ரிஸ்வானா கடிச்சு இழுத்து, பல்லு வலிக்குதுன்னு வச்சிட்டா. அவரு எலும்பைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. என்னையும் ஒரு பார்வ பாத்தாரு.

அடுத்த வாரம் அதைவிட கெழடா ஒண்ணு வச்சேன். அவரு வியாழக்கிழமை ராத்திரியே மஞ்சளும் பப்பாளிக்காயும் அரைச்சு வைக்கச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை கறிய வாங்கி அதுல பெரட்டி ஒரு மணி நேரம் வச்சாரு. சுடுறப்ப கரிக்குப் பக்கத்துல ஒரு தட்டுல தண்ணி வச்சாரு. அனல் குறைவு. முன்னாடி ஒண்ணரை மணி நேரம் சுட்டவரு, இப்ப ரெண்டரை மணி நேரம். கொஞ்சம் பரவாயில்ல.

நான் விடல. அதுக்கு அடுத்த வாரம் இன்னும் மோசமான ஒண்ணு. அவரும் விடல. ஒரு மணி நேரம் கொய்யாக் கட்டைப் புகையில வச்சு, அப்புறம் புளித்தண்ணிய ரெண்டு கரண்டி தெளிச்சு, சில்வர் பேப்பர்ல இறுக்கிச் சுத்தி, ரெண்டு மணி நேரம் அப்பிடியே போட்டு வச்சாரு. மூடியத் தொறக்கவே இல்ல. கடைசியில பிரிச்சு, கருப்பட்டியும் பூண்டும் மொளகும் காய்ச்சுன பாகை மேல தடவி, நேர் நெருப்புல அஞ்சு நிமிசம் காட்டுனாரு. ரிஸ்வானா எலும்பைப் புடிச்சுத் தூக்குனா, எலும்பு மட்டும் கையில வருது. கறி தட்டுலயே கெடக்குது.

நான் துணியக் காயப்போடுற மாதிரி நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. அந்த ஆட்டுக்கு வயசு பத்துக்கு மேல. அண்ணனே சொன்னாரு, குக்கர்ல பன்னெண்டு விசில் விட்டாலும் வேகாதுன்னு.

அப்புறம் அந்த ஜமீலு வர்ற வெள்ளிக்கிழமையும் வந்துச்சு.

வீட்டுல யாரும் என்கிட்ட யாரு வர்றாங்கன்னு சொல்லல. "ஒரு தெரிஞ்சவரு சாப்பிட வர்றாரு" அவ்வளவுதான். நானும் தெரியாத மாதிரியே இருந்தேன். காலையில அண்ணன் கடைக்கு நானே போனேன். இருக்குறதுலயே கெழடு எதுன்னு கேட்டேன். கோட்டைக்குளத்துப் பக்கம் யாரோ ஆசையா வளத்து, சாகப்போற நேரத்துல வித்த ஆடு ஒண்ணு. அதோட விலா எலும்பு தட்டையா, வெள்ள வெளேர்னு, கட்டை மாதிரி கெட்டியா இருக்குது. அண்ணன், "பல்கீஸு, இது வேணாம்மா, மச்சானுக்கு அவமானமாப் போயிரும்" ன்னாரு. அவமானமாப் போகணும்னுதானே கேக்குறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

அந்த ஜமீலு கார்ல வந்தாரு. நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தாரு. மாடிக்கு ஏறி, பீப்பாயச் சுத்திப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு காலையில ஒம்பது மணிக்கே கரி போட்டுட்டாரு. அன்னிக்குத்தான் வாழ்க்கையில மொத தடவையா ஜும்மாவுக்குக் கடைசி வரிசையில போயி நின்னுட்டு ஓடி வந்தாரு. ரிஸ்வானாதான் காவல் இருந்தா. நாலரை மணி நேரம் அந்த விலா நெருப்புல கெடந்துச்சு.

நான் படியில நின்னேன். ஜமீலு ஒரு துண்டை எடுத்தாரு. கடிச்சாரு. ரெண்டாவது துண்டு. மூணாவது. எலும்பைத் தட்டுல வச்சிட்டுக் கேட்டாரு, "என்ன பாய், ஆறு மாசக் குட்டியா?"

எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. "பத்து பன்னெண்டு வயசு இருக்கும் பாய்" ன்னாரு.

நான் சுவரோட ஒட்டி நின்னுட்டேன்.

ஜமீலு நம்பல. எங்க வீட்டுக்காரரு எலும்பைக் காட்டி வெளக்குறாரு. குட்டின்னா எலும்பு உருண்டு, உள்ள சிவந்திருக்கும், இது பாருங்க தட்டை, வெளுப்புன்னு. "இதைப் பதமாக்கிட்டா அப்புறம் எதையும் பதமாக்கலாம் பாய், அதான் இதுலயே பழகுனேன்" ன்னாரு. ஜமீலு எந்திரிச்சு இவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அடுத்த மாசமே விசா அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

காரு போனதும் இவரு மாடிக்கு வந்தாரு. நான் தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னாரு. "பல்கீஸு, நீ இல்லன்னா இது நடந்திருக்காது" ன்னாரு.

நான் என்ன செஞ்சேன்னு கேட்டேன்.

"நடிக்காத. மொத வாரமே எலும்பைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எவனாவது கறிக்கடைக்காரன் ஆட்டு வயசு தெரியாம இருப்பானா? அங்க கடையில எந்தக் கறி வரும்னு தெரியாது, எல்லாத்துலயும் பழகட்டும்னுதானே வாரா வாரம் மாத்தி வச்ச? நான் சொல்லாமயே எல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீ தடுக்கவும் இல்ல, உதவியும் பண்ற. உன்கிட்ட மறைச்சுட்டோமேன்னு தெனமும் எனக்கு உறுத்தல்."

அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. புகைன்னு நெனச்சேன். கரி அணைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு.

நான் ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நல்ல பேரு. காலத்துக்கும் கொண்டாடியிருப்பாரு. என்னால முடியல தங்கச்சி. தட்டைக் கீழ வச்சேன். "நீங்க போகக்கூடாதுன்னுதான் வச்சேன். கறி இழுக்கணும், அந்தாளு துப்பணும், நீங்க தோக்கணும். அதுக்குத்தான் வச்சேன்" ன்னேன்.

அவரு பீப்பாயோட வெளிம்புல கைய வச்சுக்கிட்டு நின்னாரு.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?"

அவ்வளவுதான் பேச்சு. அவரு கீழ எறங்கிப் போயிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் கடையத் தொறக்கல.

மறுநாள் மத்தியானம் சாப்பிடுறப்ப, தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "ஜமீல் பாய்கிட்டப் போகலன்னு சொல்லிட்டேன்."

ஏனாம்?

"நீ வேணாங்கிற."

எனக்காகவாம். நீங்களே யோசிச்சுப் பாருங்க. மூணு மாசமா நெருப்புல வெந்த மனுசன், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வரைக்கும் எடுத்து வச்ச மனுசன், நான் ஒரு வார்த்த சொன்னதும் விட்டுருவாரா? எனக்கு நம்பிக்க வரல. அந்த ஜமீலே அப்புறமா யோசிச்சு வேணாம்னு சொல்லியிருப்பான். வயசு நாப்பத்தெட்டு ஆச்சு, அந்த வேலைக்கு எளவட்டமா வேணும்னு நெனச்சிருப்பான். இவரு அதை மறைச்சு, எனக்காக நின்ன மாதிரி காட்டிக்கிறாரு. அப்பிடித்தான் இருக்கணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். ரிஸ்வானாகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, புத்தகத்தை எடுத்துக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டா.

கேளுங்க, இன்னும் முடியல.

மூணு வாரத்துக்கு முன்னாடி என் செல்போனுக்கு ஒரு புது நம்பர்லேர்ந்து கூப்பிட்டாங்க. எடுத்தா அந்த ஜமீலு. தோஹாவுலேர்ந்து பேசுறாரு. "தங்கச்சி, நான் மூணு தடவ கேட்டுட்டேன், சிக்கந்தர் பாய் வர மாட்டேங்குறாரு. வீட்டுல மனசார அனுப்புனா வருவேன், இல்லன்னா இல்லைங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு வருசம்தான். நடுவுல ஒரு லீவு. புள்ள படிப்புக்கும் ஆகும். ரம்ஜான் வரைக்கும் அந்த எடத்தை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

நான் என்ன சொல்லுவேன்? கேட்டுச் சொல்றேன்னு வச்சிட்டேன்.

உடனே எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவரே அந்தாளை விட்டுப் பேசச் சொல்லியிருப்பாரோ? என் நம்பர் அந்தாளுக்கு எப்பிடிக் கெடைச்சுச்சு? காசிம் அண்ணன்கிட்ட வாங்குனாராம், அப்புறம் விசாரிச்சேன். அண்ணனும் சேந்து பண்றாரோ என்னமோ. சரி, அப்பிடியே இல்லன்னு வைங்க. நெசமாவே எனக்காகத்தான் விட்டாருன்னு வைங்க. அப்ப இன்னும் மோசம் தங்கச்சி. அப்ப நான் என்ன பண்றது? அதுக்கு அந்தாளு வேணாம்னு சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும்.

போன் வந்ததை அவருகிட்டச் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ரம்ஜானுக்கு இன்னும் பதினெட்டு நாளு இருக்கு.

பீப்பாய் மாடியிலதான் கெடக்குது. வித்துருங்கன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுதுட்டு வந்து கரியப் போட்டுருவாரு. இப்ப செல்போனெல்லாம் பாக்குறதில்ல. சும்மா சுவத்துல சாஞ்சு உக்காந்து, மூடியோட ஓட்டையிலேர்ந்து வர்ற புகையவே பாத்துக்கிட்டு இருக்காரு. யாருக்காக இனிமே? யாரு வந்து பாக்கப் போறா? கேட்டா கரியக் கிளறி விடுறாரு.

முந்தாநேத்து என்னையும் மாடிக்குக் கூப்பிட்டாரு. நான் துணி மடிக்கிற வேல இருக்குன்னேன். மறுபடி கூப்பிட்டாரு. போனேன். சில்வர் பேப்பரப் பிரிச்சாரு, பாகைத் தடவி நெருப்புல காட்டுனாரு. மொத எலும்பை வெட்டி, ஊதி ஆத்தி, ரிஸ்வானாவுக்குக் குடுக்கல, அவரும் திங்கல, என் கையில குடுத்தாரு.

எனக்கு எதுக்கு மொதத் துண்டு? என்ன காரியம் ஆகணும் என்கிட்ட? அந்த போன் விசயம் தெரிஞ்சுதான் குடுக்குறாரோ? மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. ஊதுனதுல மீசையில சாம்பல் ஒட்டியிருந்துச்சு. நான் திங்குறதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

தின்னேன். வத்தலக்குண்டு வந்துருச்சு போலருக்கு, பையை எடுத்துக்கங்க. அந்த நீலச் சட்டைக்காரன் தூங்கிட்டான் பாருங்க. அந்தக் கறிக்குப் பல்லே வேண்டியதில்ல தங்கச்சி, நாக்குல வச்சதும் கரைஞ்சுபோச்சு. அப்பிடி ஒரு கறிய நான் தின்னதே இல்ல. அதையும் அவருகிட்ட இன்னும் சொல்லல.